கோளாறு தெரிகிற இடமும் இருக்கிற இடமும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

போன மாதம் நம் சங்கச் செயலாளர் தொலைபேசியில் கூப்பிட்டு, "பசங்களுக்குப் பயன்படற மாதிரி இருபது நிமிஷம் பேசணுங்க" என்றார். "எதைப் பத்திங்க?" என்றேன். "உங்களுக்குத் தெரிஞ்சதைப் பேசுங்க" என்றார். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். கெட்டுப்போன பொருள் எதனால் கெட்டது என்று தேடுவது. பெங்களூரில் எனக்குச் சம்பளம் தருவதே அதற்காகத்தான். ஆனால் அந்த வேலையை நான் கற்றது பெங்களூரில் இல்லை. இந்த மல்லசமுத்திரத்தில், ஒரு கணிப்பொறி விளையாட்டை ஓட்டப் போராடியபோது கற்றேன். அதைக் கற்பதற்குள் ஒரு நண்பனையும் இழந்தேன். இன்று அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன். விடுதிக் காப்பாளர் ஐயா முன்வரிசையில் இருக்கிறார். பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, மன்னித்துக்கொள்வார் என்று நம்புகிறேன்.

நாங்கள் 2006-இல் சேர்ந்து 2010-இல் வெளியேறிய கூட்டம். இரண்டாம் ஆண்டு படிக்கும்போது, 2007 நவம்பரில் 'க்ரைசிஸ்' என்ற விளையாட்டு வந்தது. ஜெர்மனியின் க்ரைடெக் நிறுவனம் உருவாக்கியது. ஒரு தீவு, அடர்ந்த காடு, இலைக்கு இலை நிழல். அதன் உச்ச அமைப்பில் ஓட்டினால் அன்று சந்தையில் இருந்த விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்டுகளே மூச்சு வாங்கும். "உன் மெஷின்ல க்ரைசிஸ் ஓடுமா?" என்று கேட்பது உலகம் முழுக்க ஒரு வேடிக்கைப் பேச்சாகவே ஆனது. 2020-இல் அதே விளையாட்டைப் புதுப்பித்து வெளியிட்டபோது, மிக உயர்ந்த அமைப்புக்கு அந்தக் கேள்வியையே பெயராக வைத்தார்கள்.

ஒரு விளையாட்டுக்கு எதற்கு இவ்வளவு பலம் என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்று சாதாரணமாக உள்ள திரையில் குறுக்கே 1920 புள்ளி, நெடுக்கே 1080 புள்ளி. பெருக்கினால் 20 லட்சத்துக்கு மேல். நொடிக்கு 60 படம் என்றால், நொடிக்கு 12 கோடிக்கு மேற்பட்ட புள்ளிகளுக்கு நிறம் கணக்கிட வேண்டும். ஒவ்வொரு புள்ளிக்கும் வெளிச்சம், நிழல், நீரில் தெரியும் பிம்பம் என்று கணக்கு அடுக்கடுக்காக உண்டு. கடிதம் தட்டச்சு செய்யும்போது கிராபிக்ஸ் கார்டு ஏறக்குறையத் தூங்குகிறது. விளையாட்டு தொடங்கிய நொடியில் அது முழுப் பலத்துக்குப் போகிறது. தாய்ப்பலகையின் துளை வழியாக அது 75 வாட் வரைதான் எடுக்கலாம். அதற்கு மேல் வேண்டுமென்றால் எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து தனிக் கம்பி கொடுக்க வேண்டும். ஆறு ஊசிக் கம்பி என்றால் இன்னொரு 75 வாட், எட்டு ஊசி என்றால் 150 வாட். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கதைக்குத் தேவைப்படும்.

எனக்கு ஒரு நண்பன். சங்ககிரிக்காரன், லாரி வைத்திருப்பவர் வீட்டுப் பிள்ளை. அரும்பாடுபட்டுக் காசு சேர்த்து ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கியிருந்தான். விடுதியில் அவன் அறையில்தான் நாங்கள் எல்லோரும் அந்தக் காட்டைப் பார்த்தோம். 2008 ஜூலையில் அவன் அப்பாவுக்கு லாரி டயர் மாற்றப் பணம் தேவைப்பட்டது. கார்டை விற்கிறேன் என்றான். 4,500 ரூபாய்க்கு நான் வாங்கினேன்.

நான் வீட்டிலிருந்து வந்து போகிறவன். எங்கள் வீடு இங்கிருந்து கூப்பிடு தூரம். வீட்டோடு எட்டு விசைத்தறி. கார்டை மாட்டினேன், விளையாட்டு ஓடியது. பத்து நிமிஷம் ஆனதும் திரை கறுத்தது, கணிப்பொறி தானாக அணைந்து மறுபடி தொடங்கியது. மறுநாளும் அப்படியே. தினமும் சாயங்காலம் உட்காருவேன், தினமும் நின்றுபோகும்.

நான் என்ன செய்தேன் தெரியுங்களா? எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினேன். டிரைவரை மாற்றினேன், விண்டோஸை அழித்துப் போட்டேன், நினைவகத் துண்டைக் கழற்றி இடம் மாற்றினேன், விளையாட்டையும் திரும்ப ஏற்றினேன். எது எதைச் சரி செய்தது, எது கெடுத்தது என்று எனக்கே தெரியாத நிலைமை. கடைசியில், வேறு எதையும் குற்றம் சொல்ல முடியாமல், கார்டைக் குற்றம் சொன்னேன். கார்டைக் குற்றம் சொன்னால் விற்றவனைக் குற்றம் சொன்ன மாதிரிதானே.

கேன்டீனில் பத்துப் பேர் முன்னால் அவனிடம், "கெட்டுப்போன கார்டைத் தெரிஞ்சே என் தலையில கட்டிட்டே" என்றேன். அவன், "எங்கிட்ட நல்லா ஓடுச்சுடா, நீயே பார்த்தியே. உங்க வீட்டுக்கு வந்து என்னன்னு பாக்கட்டுமா?" என்றான். "வேண்டாம், பணத்தைக் குடு" என்றேன். இரண்டு தவணையில் 4,500-ஐயும் கொடுத்துவிட்டான். கார்டை வாங்கிக்கொண்டான். அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை.

நான் சேலம் போய்ப் புதுக் கார்டு வாங்கினேன். மாட்டினேன். பத்து நிமிஷத்தில் திரை கறுத்தது.

தம்பிகளே, அன்று ராத்திரியே நான் விடுதிக்குப் போயிருக்க வேண்டும். கார்டு மாறியும் கோளாறு மாறவில்லை என்றால் கார்டு குற்றவாளி இல்லை. அதற்கு மேல் ஒரு சான்று தேவையில்லை. எனக்கும் அது புரிந்தது. ஆனால் பத்துப் பேர் முன்னால் பேசிய வாயை எப்படித் திருப்பி எடுப்பது? காரணம் முழுசாகத் தெரியட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டேன்.

காரணம் தெரிந்தது அந்த வருஷம் ஆயுத பூஜை அன்று. தறியை எல்லாம் நிறுத்தித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை படைத்தோம். அம்மா கணிப்பொறிக்கும் ஒரு பொட்டு வைத்தார். அன்று சாயங்காலம் நாலு மணி நேரம் விளையாட்டு ஒரு முறைகூட நிற்காமல் ஓடியது. அம்மா, "பாத்தியா கண்ணு, பூசை போட்டதும் சரியாயிருச்சு" என்றார். எனக்கும் ஒரு நிமிஷம் நம்பிக்கை வந்துவிட்டது. மறுநாள் தறி ஓடத் தொடங்கியதும் பழையபடி நின்றது.

அப்பா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் பத்தாவது தாண்டாதவர். "ஏண்டா, தறி ஓடறப்ப மட்டும்தானே நிக்குது?" என்றார். பிறகு அவர் சொன்னதுதான் நான் படித்த பாடங்களிலேயே பெரியது. "பாவுல ஒரே எடத்துல நூல் அந்துக்கிட்டே இருந்தா நாங்க நூலைத் திட்டமாட்டோம். அச்சுல அந்த எடத்துப் பல்லைத் தடவிப் பாப்போம். எல்லா எடத்துலயும் அந்துச்சுன்னா கஞ்சியைப் பாப்போம். அந்தது நூலுதான், ஆனா குத்தம் நூலோடதுன்னு எப்படிச் சொல்றது?"

மறுநாள் மின்னியல் ஆய்வகத்திலிருந்து ஒரு மல்டிமீட்டரைக் கேட்டு வாங்கிப் போனேன். தறி நின்றிருக்கும்போது சுவரில் 225 வோல்ட். சாயங்காலம் எங்கள் தறி, பக்கத்து வீட்டுத் தறி, தோட்டத்து மோட்டார் எல்லாம் ஓடும்போது 172. என்னுடையது மலிவான எஸ்.எம்.பி.எஸ். மேலே 500 வாட் என்று ஒட்டியிருக்கும். கார்டுக்கான ஆறு ஊசிக் கம்பிகூட அதில் கிடையாது. டி.வி.டி. டிரைவுக்குப் போகிற கம்பியிலிருந்து ஒரு மாற்றுக் கம்பி போட்டு ஓட்டிக்கொண்டிருந்தேன். 172 வோல்ட்டில் தட்டச்சு செய்ய அது போதும். கார்டு முழுப் பலம் கேட்கும்போது 12 வோல்ட் கம்பியில் அழுத்தம் சரியும், தாய்ப்பலகை தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மறுதொடக்கம் செய்துவிடும். விடுதியில் மின்னழுத்தம் சீராக இருந்தது, நண்பனின் எஸ்.எம்.பி.எஸ்.ஸும் தரமானது. அதனால் அங்கே நிற்கவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முதலில் எனக்கு ஒரு யு.பி.எஸ். இருந்தது. சாயங்காலமானால் 'கீ கீ' என்று கத்தும். மின்னழுத்தம் குறைந்துவிட்டது, பேட்டரிக்கு மாறுகிறேன் என்று சொல்லத்தான் கத்தியிருக்கிறது. அடிக்கடி பேட்டரியில் ஓடி ஓடி அந்தப் பேட்டரியும் செத்தது. சத்தம் தொல்லை என்று அதைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டு நேரே சுவரில் சொருகிக்கொண்டேன். உண்மையைச் சொன்ன ஒரே பொருளைப் பரணில் ஏற்றிவிட்டு, உண்மையைச் சொன்ன ஒரே நண்பனைப் பொய்யன் என்றேன்.

இந்த முறை அவசரப்படவில்லை. ஒவ்வொன்றாகச் செய்தேன். முதலில் ஒரு ஸ்டெபிலைசர் மட்டும் வைத்தேன். தறி ஓடும்போதும் விளையாட்டு நிற்கவில்லை. ஸ்டெபிலைசரை எடுத்தேன், நின்றது. பிறகு 100 முதல் 240 வோல்ட் வரை வாங்கிக்கொள்ளும் நல்ல எஸ்.எம்.பி.எஸ். ஒன்றைப் போட்டேன், ஸ்டெபிலைசர் இல்லாமலே ஓடியது. பழையதை மாட்டினேன், நின்றது. சரி செய்தால் மட்டும் போதாது, கோளாறைத் திரும்ப வரவழைத்தும் பார்க்க வேண்டும். அப்போதுதான் காரணம் அதுவேதான் என்று துணிந்து சொல்லலாம்.

இது ஏதோ எங்கள் வீட்டுத் தறிக்கொட்டகைக் கதை என்று நினைக்காதீர்கள். உலகத்திலேயே பெரிய நிறுவனங்களுக்கும் இது நடந்திருக்கிறது. 2023-இலும் 2024-இலும், இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை உயர்ரகச் செயலிகள் வைத்திருந்த பலருக்குப் புது விளையாட்டுகள் தொடங்கும்போதே நின்றன. திரையில் வந்த செய்தி, கிராபிக்ஸ் கார்டின் நினைவகம் போதவில்லை என்பது. 24 ஜி.பி. நினைவகம் உள்ள கார்டு வைத்திருந்தவர்களுக்கும் அதே செய்தி. பாவம், பலர் கார்டையும் டிரைவரையும் திட்டினார்கள். உண்மையில் நடந்தது வேறு. விளையாட்டு தொடங்கும்போது சுருக்கி வைத்த தரவுகளை விரித்தெடுக்கும் கனமான வேலையைச் செயலி செய்கிறது. பழுதான செயலி அதில் பிழை செய்ய, பிழையான தரவு மேலே போய்க் கடைசியில் கிராபிக்ஸ் நினைவகப் பிழை என்ற பெயரில் வெளியே வந்தது. செயலி தேவைக்கு மேல் மின்னழுத்தம் கேட்டு வாங்கியதே காரணங்களில் முக்கியமானது என்று 2024 ஜூலையில் இன்டெல்லே ஒப்புக்கொண்டது. ஆகஸ்டில் திருத்தம் வந்தது, உத்தரவாதக் காலத்தையும் இரண்டு வருஷம் நீட்டினார்கள். ஏற்கெனவே சேதமான செயலிக்கு அந்தத் திருத்தம் மருந்தாகாது, மாற்றத்தான் வேண்டும்.

எனக்கு மின்னழுத்தம் குறைந்தது, அவர்களுக்குக் கூடியது. இரண்டிலும் பழி விழுந்தது கிராபிக்ஸ் கார்டின் மேல்தான்.

இனி, தம்பி தங்கைகளுக்குக் கைக்கு உதவுகிற சில குறிப்புகள்.

திரையில் நிறப் புள்ளியோ கோடோ கட்டமோ தெரிந்தால், முதலில் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறு கணிப்பொறியில் திறந்து பாருங்கள். படத்திலும் கோடு இருந்தால் கோளாறு கார்டிலோ டிரைவரிலோ விளையாட்டிலோ இருக்கிறது. படம் சுத்தமாக இருந்தால் பெரும்பாலும் கேபிளையும் மானிட்டரையும் சந்தேகப்படுங்கள். காசு செலவில்லாத சோதனை. விண்டோஸ் வருவதற்கு முன்பே, முதல் கறுப்புத் திரையிலேயே கோடு தெரிந்தால் டிரைவரை மாற்றிப் பிரயோசனம் இல்லை.

தொடக்கத்தில் நன்றாக ஓடி, போகப் போக மந்தமானால் சூடு. வெப்பநிலை காட்டும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. நம்ம ஊர்ப் பிள்ளைகள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். தறி உள்ள வீட்டில் பஞ்சுத் தூசு ஃபேனிலும் அதன் கீழே உள்ள தகடுகளிலும் மெத்தை மாதிரி படியும். மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது அணைத்துவிட்டு, ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு, தூசை ஊதி எடுங்கள்.

ஒரே நொடியில் கறுத்து மறுதொடக்கம் ஆனால் மின்சாரத்தை முதலில் பாருங்கள். திரை இரண்டு மூன்று நொடி கறுத்துத் திரும்பி வந்தால் அது வேறு. கார்டு இரண்டு நொடிக்குள் பதில் சொல்லாவிட்டால் டிரைவரை விண்டோஸே திரும்பத் தொடங்கும். விஸ்டா காலத்திலிருந்து இந்த ஏற்பாடு உண்டு. அங்கே டிரைவரைச் சுத்தமாக நீக்கிவிட்டுப் புதிதாகப் போடுங்கள். கார்டின் வேகத்தை ஏற்றி வைத்திருந்தால் பழைய அளவுக்கு இறக்குங்கள்.

புது இடத்துக்குப் போகும்போது மட்டும் திக்கித் திக்கி, இரண்டாம் முறை அதே இடத்தில் வழுக்கிக்கொண்டு போனால், பெரும்பாலும் ஷேடர்கள் அப்போதுதான் தயாராகின்றன என்று பொருள். வன்பொருள் கெடவில்லை, பொறுமை போதும்.

எப்போதும் மந்தமாகவே இருந்தால் ரெசல்யூஷனைக் குறைத்துப் பாருங்கள். வேகம் கூடினால் கார்டுதான் திணறுகிறது. கூடவே இல்லை என்றால் செயலி திணறுகிறது. புதுக் கார்டு வாங்கி அப்பா காசை வீணாக்காதீர்கள். க்ரைசிஸே இதற்கு உதாரணம். ஒற்றைச் செயலி மையம் வருஷா வருஷம் வேகமாகிக்கொண்டே போகும் என்று எதிர்பார்த்து அதை எழுதினார்கள். உலகமோ பல மையங்களின் பக்கம் திரும்பியது. அதனால் பல வருஷம் கழித்து வந்த பெரிய கார்டிலும் சில இடங்களில் அது திணறியது.

எல்லாவற்றுக்கும் பொதுவாக மூன்று. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எப்போது கெடுகிறது என்று மட்டும் கேட்காமல், எப்போது கெடாமல் இருக்கிறது என்றும் கேளுங்கள். எனக்கு விடை கிடைத்தது கெடாமல் ஓடிய ஒரு ஆயுத பூஜை நாளில்தான்.

கதைக்கு வருகிறேன். காரணம் தெரிந்த பிறகாவது நண்பனிடம் போனேனா? போகவில்லை. "நாளைக்கு, நாளைக்கு" என்று 2010-ஆம் வருஷமே வந்துவிட்டது. பிரிவு விழாவில்கூட ஆளுக்கொரு மூலையில் நின்றோம். 2024-இல் அந்த இன்டெல் விவகாரத்தைப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் மனசு கேட்கவில்லை. யார் யாரிடமோ எண் வாங்கிக் கூப்பிட்டேன். பெயரைச் சொன்னதும், "சொல்றா" என்றான். பதினாறு வருஷத்துக் கதையை ஒரே மூச்சில் சொன்னேன். தப்பு என்னோடது, மன்னிச்சுக்கோ என்றேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னான்: "லேப்ல நீ மீட்டர் வாங்கிட்டுப் போனதை நான் பாத்தேன்டா. வோல்டேஜ்தான்னு அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. மறுநாள் நீ வருவேன்னு மெஸ்ல உனக்கும் சேத்து எடம் புடிச்சு வெச்சிருந்தேன்."

தம்பிகளே, எந்திரத்தில் காரணம் கண்டுபிடிப்பது பாதி வேலை. யார் மேல் பழி போட்டோமோ அவரிடம் போய், "நீ இல்லை, நான்தான்" என்று சொல்வது மீதிப் பாதி. அந்த மீதிப் பாதியைச் செய்யாமல் நான் பதினாறு வருஷம் பொறியாளர் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். நீங்கள் வேலைக்குப் போன பிறகு இது தினமும் வரும். உங்கள் பிரிவில் பிழை, பக்கத்துப் பிரிவின் மேல் பழி. தெரிந்த அன்றே போய்ச் சொல்லிவிடுங்கள். ஒரு நாள் தள்ளினால் அடுத்த நாள் இன்னும் கஷ்டம்.

அந்தக் கார்டு என்ன ஆயிற்று என்று கேட்டேன். "ஆறு வருஷம் ஓடுச்சுடா, ஒரு நாள் மக்கர் பண்ணலே" என்றான். அவன் இன்று வந்திருக்கிறான், பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். வரும் வழியில் ஆட்டையாம்பட்டியில் முறுக்கு வாங்கி வந்திருக்கிறான். மதியப் பந்தியில் எனக்கு இடம் பிடித்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறான். இந்த முறை நான் நேரத்துக்குப் போக வேண்டும்.